நாலாயிரம் தாள்களை வாசித்தவர்

எட்டு ஆண்டுகளுக்கு முன் இளங்கலைத் தமிழ் முதலாண்டு மாணவிகளுக்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். ‘என் பாட்டி’ என்பது தலைப்பு. பாடத்தில் இல்லாத தலைப்பு என்பதால் வகுப்பில் சலசலப்பு. “எத்தனை பக்கம்மா எழுதணும்?” “நோட்ஸ் தருவீங்களாம்மா?” என்று கேட்டார்கள். நோட்ஸ் கிடையாது, உங்கள் பாட்டியைப் பற்றி நான் எப்படி நோட்ஸ் தர முடியும் என்றேன். சிரித்தார்கள். பிறகு எழுதினார்கள்.

ஒரு மாணவி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். செங்கல் சூளையில் வேலை பார்த்த பாட்டியைப் பற்றியது. அன்றிரவு அறுபது தாள்களுக்கு நடுவில் அவள் தாளையும் திருத்தினேன். ‘வந்தப் பெண்’, ‘சுமந்தக் கல்’, ‘சொன்னக் கதை’ என்று வல்லெழுத்து மிகக்கூடாத இடங்களிலெல்லாம் மிகுந்திருந்தது. பொறுமை ‘பொருமை’யாகவும் அரிசி ‘அறிசி’யாகவும் இருந்தன. நடுநடுவே பேச்சு வழக்கு. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். மொத்தம் 31 வட்டங்கள். கடைசியில் ‘பிழைகளைத் தவிர்க்கவும்’ என்று எழுதிப் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். மறுநாள் அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்தடுத்த பயிற்சிகளைக் கைடைப் பார்த்து எழுதினாள். பிழையே இருக்காது. எட்டு, ஒன்பது என்று நானும் மதிப்பெண் போட்டேன். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் திருமணம் ஆகிப் படிப்பு நின்றுவிட்டது. அந்த ஒன்றரைப் பக்கத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தத் தாளை மறுபடி வாசிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது நியூயார்க் நகரத்துக் கல்லூரி ஒன்றின் வரலாறு. ஏட்ரியன் ரிச், ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன் ஆகியோரைப் பெண்ணியக் கவிஞர்களாக நாம் அறிவோம். அவர்களைப் பற்றி நம்மிடையே கட்டுரைகள் வந்திருக்கின்றன, மொழிபெயர்ப்புகளும் உண்டு. இவர்கள் மூவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். அவர்களோடு வேலை செய்த மினா ஷானசி என்ற ஆசிரியரின் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதேயில்லை. இந்தக் கட்டுரை அவர்கள் எழுதிய கவிதைகளைப் பற்றியதன்று. அவர்கள் திருத்திய தாள்களைப் பற்றியது.

*

நியூயார்க் சிட்டி காலேஜ் 1847இல் தொடங்கப்பட்டது. நகரத்து உழைக்கும் வீடுகளின் பிள்ளைகள் கட்டணம் இல்லாமல் படிக்கலாம் என்பதே அதன் அடிப்படை. ஆனால் ‘பிள்ளைகள்’ என்ற சொல்லுக்குள் பெண் பிள்ளைகள் இல்லை. பெண்களுக்கென்று ஹன்டர் கல்லூரி 1870இல் தனியாக வந்தது. சிட்டி காலேஜின் எல்லாப் பிரிவுகளும் பெண்களுக்குத் திறக்க 1951 ஆயிற்று. அந்தக் கல்லூரியின் எல்லாப் பிரிவுகளிலும் ஒரு பெண் நுழைய நூறு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கல்லூரி ஹார்லெமில் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. கீழே கறுப்பின மக்களும் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் வாழும் தெருக்கள். 1960களின் நடுவில்கூட மேட்டின்மேல் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். கட்டணம் இல்லைதான். ஆனால் உயர்நிலைப் பள்ளியில் வாங்கிய உயர்ந்த மதிப்பெண் வேண்டும். ஏழைத் தெருக்களின் பள்ளிகள் அந்த மதிப்பெண்ணைத் தரும் நிலையில் இல்லை.

1965இல் சிட்டி காலேஜில் ஒரு சிறு முயற்சி தொடங்கியது. மதிப்பெண் போதாத ஏழை மாணவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, ஆலோசகர்களை அமர்த்தி, எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்துப் பட்டப்படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் திட்டம் அது. அடுத்த ஆண்டு மாநிலச் சட்டத்தின் வழியாக நகரப் பல்கலைக்கழகம் முழுவதற்கும் ‘சீக்’ என்ற பெயரில் விரிந்தது. அந்த வகுப்புகளுக்கு எழுத்துப் பயிற்சி தர ஆட்கள் தேவைப்பட்டார்கள். பெரிய பேராசிரியர்கள் விரும்பி வரும் வேலை அல்ல அது. அப்படித்தான் பெண்கள் வந்தார்கள்.

முதல் ஆண்டே வந்தவர் டோனி கேட் பம்பாரா. அதே கல்லூரியில் முதுகலை முடித்தவர், சிறுகதை எழுத்தாளர். 1967இல் ஜூன் ஜோர்டனும் மினா ஷானசியும் வந்தார்கள். 1968இல் ஏட்ரியன் ரிச்சும் ஆட்ரி லார்டும் வந்தார்கள். லார்ட் அதுவரை நூலகர். ஹார்லெமில் பிறந்தவர், பெற்றோர் கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள். ரிச் அப்போதே பெயர்பெற்ற கவிஞர், வசதியான வெள்ளையர் வீட்டுப் பெண். தான் இந்த வேலைக்கு வந்ததில் குற்ற உணர்வும் கலந்திருந்தது என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். கற்பிக்கத் தொடங்கியதும், மாணவர்களுக்கு ‘உதவ’ வந்தவர் என்ற நிலை மாறியது. மொழியை நம்பி வாழ்ந்த கவிஞர் அவர். அந்த மொழி தங்களை வெளியே நிறுத்துவது என்று கருதும் மாணவர்களின் முன் நிற்க வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தைப் பற்றி அவர் 1972இல் எழுதிய கட்டுரை இன்றும் ஆசிரியர்களால் வாசிக்கப்படுகிறது.

பம்பாரா தன் மாணவர்கள் எழுதியதை வகுப்போடு நிறுத்தவில்லை. 1970இல் அவர் தொகுத்த ‘தி பிளாக் வுமன்’ கறுப்பினப் பெண்களின் எழுத்துகளைச் சேர்த்துக் கொண்டுவந்த முன்னோடி நூல். அதில் லார்டும் ஆலிஸ் வாக்கரும் இருந்தார்கள். சீக் வகுப்பு மாணவர்களின் எழுத்தும் இருந்தது. மதிப்பெண் போதாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பெயர்பெற்ற எழுத்தாளர்களோடு ஒரே பொருளடக்கத்தில் வந்தார்கள்.

*

1969 ஏப்ரல் 22 அன்று கறுப்பின மாணவர்களும் பியூர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் கல்லூரியின் தென் வளாகத்தை மூடிவிட்டு உள்ளே அமர்ந்தார்கள். இரண்டு வாரம் நீடித்த போராட்டம் அது. வளாகத்துக்கு ‘ஹார்லெம் பல்கலைக்கழகம்’ என்று பெயர் வைத்தார்கள். ஐந்து கோரிக்கைகள். நகரத்துப் பள்ளிகளில் எந்த விகிதத்தில் கறுப்பின, பியூர்ட்டோ ரிக்கப் பிள்ளைகள் படிக்கிறார்களோ அந்த விகிதம் கல்லூரியின் முதலாண்டிலும் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆசிரியர் பயிற்சி பெறுகிறவர்கள் ஸ்பானிய மொழியும் தங்கள் வரலாறும் கற்க வேண்டும் என்பது இன்னொன்று. நாளை தங்கள் தம்பி தங்கைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறவர்கள் தங்கள் மொழியையும் அறிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

1975இல் கொண்டுவர எண்ணியிருந்த ‘திறந்த சேர்க்கை’யைப் பல்கலைக்கழகம் 1970ஆம் ஆண்டே கொண்டுவந்தது. நகரத்துப் பள்ளியில் தேர்ச்சி பெற்ற எவருக்கும் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உறுதி. 1969இல் சேர்ந்ததைவிட 75 சதவீதம் கூடுதலாக, ஏறக்குறைய 35,000 பேர் முதலாண்டில் சேர்ந்தார்கள். போராடியவர்கள் கறுப்பின மாணவர்கள். பயன் பெற்றவர்களில் இத்தாலிய, ஐரிஷ் தொழிலாளர் வீடுகளின் வெள்ளைப் பிள்ளைகளும் ஏராளம். நம் நாட்டில் இடஒதுக்கீட்டுப் போராட்டங்களின் வரலாறு அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கதவு திறந்தாயிற்று. உள்ளே வந்தவர்கள் முதல் நாள் ஒரு தேர்வுக் கட்டுரை எழுதினார்கள். அதை யார் வாசிப்பது?

*

வாசித்தவர் மினா ஷானசி. 1924இல் தெற்கு டகோட்டாவின் லீட் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். முனைவர் பட்டம் இல்லாதவர். சிட்டி காலேஜின் எழுத்துப் பயிற்சித் திட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. 1970க்கும் 1974க்கும் இடையில் முதலாண்டு மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 தேர்வுக் கட்டுரைகளை எடுத்து வைத்து ஆராய்ந்து அவர் எழுதிய நூல் ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. ‘பிழைகளும் எதிர்பார்ப்புகளும்’ என்று தமிழில் சொல்லலாம். 1977இல் வெளிவந்தது.

நூலின் தொடக்கத்தில் ஒரு நினைவைச் சொல்கிறார். மாணவர்களின் முதல் கட்டுரைகளை வைத்துக்கொண்டு காலியான வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. திரும்பத் திரும்ப வாசிக்கிறார், ஒன்றும் பிடிபடவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே தாள்களைப் பார்க்கும்போது, செய்ய வேண்டியது என்ன என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. தாள்கள் மாறவில்லை. வாசிக்கிறவர் மாறியிருக்கிறார்.

அவர் கண்டதில் முதன்மையானது, பிழைக்குள் ஒரு நியாயம் இருக்கிறது என்பது. கவனக்குறைவாலும் சோம்பலாலும் வருபவை சில. பெரும்பாலானவை, கற்ற ஒரு விதியை மாணவர் தானாக யோசித்து இன்னோர் இடத்துக்கு நீட்டியதால் வருபவை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் இறுதியில் ‘எஸ்’ வந்தால் பன்மை. வினைச்சொல்லின் இறுதியில் அதே ‘எஸ்’ வந்தால் எழுவாய் ஒருமை. புதிதாக எழுத வருகிறவர் இங்கே தடுமாறினால் குழப்பம் மொழிக்குள்ளேயே இருக்கிறது.

இதை வாசித்த அன்றுதான் என் பழைய கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். ‘வந்தப் பெண்’, ‘சுமந்தக் கல்’, ‘சொன்னக் கதை’. முன்பு மூன்று பிழையாகத் தெரிந்தவை இப்போது ஒரே பிழையாகத் தெரிந்தன. அவள் ‘அந்தப் பெண்’ என்று சரியாக எழுதியிருக்கிறாள். ‘இந்தக் கல்’ என்றும் சரியாக எழுதியிருக்கிறாள். ‘அந்த’வுக்குப் பின் வல்லெழுத்து மிகும் என்றால், அதே ஓசையில் முடியும் ‘வந்த’வுக்குப் பின் ஏன் மிகாது? முன்னது சுட்டு, பின்னது பெயரெச்சம் என்று நமக்கு யாரோ ஒருநாள் சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காதை நம்பி ஒரு விதியைத் தானே அமைத்துக்கொண்டு, ஒன்றரைப் பக்கம் முழுவதும் மாறாமல் அதைப் பின்பற்றியிருக்கிறாள். ‘வந்துக்கொண்டு’ என்று எழுதியதும் அப்படியே. ‘படித்துக்கொண்டு’ சரியென்றால் ‘வந்துக்கொண்டு’ம் சரியாகத்தானே இருக்க வேண்டும்? ‘அறிசி’ என்று எழுதியவளுக்கு இரண்டு ரகரம் உண்டு என்பது தெரியும். அவள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே ஓசை என்பதால் எதைப் போடுவது என்ற அச்சத்தில் வல்லினத்தைப் போட்டிருக்கிறாள். 31 வட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் நான்கைந்து விஷயங்கள்தான். நான்கு வகுப்பு நேரத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

ஷானசி சொல்லும் இன்னொரு செய்தியும் முக்கியமானது. இந்த மாணவர்கள் எழுதியே பழகாதவர்கள். வசதியான வீட்டின் நல்ல மதிப்பெண் மாணவர் அமெரிக்கப் பள்ளியில் வாரம் 350 சொல் எழுதுகிறார் என்றும், இங்கிலாந்தில் அவரைப் போன்றவர் வாரம் 1,000 சொல் எழுதுகிறார் என்றும் ஒரு கணக்கு அவர் நூலில் வருகிறது. சிட்டி காலேஜுக்கு வந்த இந்த மாணவர் ஒரு பருவம் முழுவதற்கும் 350 சொல் எழுதியிருந்தால் அதிகம். நம் மாணவிகளின் கதை இதிலிருந்து சற்று மாறுபட்டது. கை வலிக்க வலிக்க ஆயிரக்கணக்கான சொற்களை எழுதியவர்கள் அவர்கள். எல்லாம் நெடுவினா விடைகள், கரும்பலகையிலிருந்தோ கைடிலிருந்தோ வந்தவை. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் தானாக யோசித்து எழுதிய பக்கங்கள் எத்தனை என்று என் வகுப்பில் கேட்டேன். ஒரு மாணவி, “லீவ் லெட்டர் கணக்காம்மா?” என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் மாதிரியைப் பார்த்து எழுதியதுதான்.

எழுத்தைப் பொறியாக உணரும் மாணவர் பிழைக்கு அஞ்சித் தெரிந்த சொற்களுக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறார் என்பது ஷானசியின் கணிப்பு. என் மாணவி கைடுக்குள் ஒடுங்கியதும் அதனால்தான். நான் அதற்கு எட்டும் ஒன்பதும் போட்டேன்.

*

திறந்த சேர்க்கை வந்த காலத்தில் ‘ரெமிடியல்’ என்ற சொல் பரவலாக இருந்தது. நம் கல்லூரிகளிலும் ‘ரெமிடியல் கிளாஸ்’ உண்டு. நோய்க்கு மருந்து கொடுப்பது போன்ற சொல் அது. ஷானசி அதை விடுத்து ‘அடிப்படை எழுத்து’ என்ற பெயரை முன்வைத்தார். 1975இல் அதே பெயரில் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். மாணவர்களின் தாள்களைப் பற்றி எழுதுவதும் ஆய்வுதான் என்று பல்கலைக்கழகத்தை ஒப்புக்கொள்ள வைத்த முயற்சி அது.

அதே ஆண்டின் இறுதியில் மொழிப் பேராசிரியர்களின் மாநாட்டில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். மாணவர் எப்படி வளர்கிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் எப்படி வளர வேண்டும் என்று கேட்ட உரை. முதல் நிலையில் ஆசிரியர் கோட்டையைக் காவல் காக்கிறார். இவர்களெல்லாம் உள்ளே வந்துவிட்டார்களே என்ற கவலை. அடுத்து, வெற்றுப் பாத்திரங்களில் ஊற்றுவதுபோல விதிகளை ஊற்றுகிறார். மூன்றாவதில் தன் பாடத்தையும் மாணவரின் பிழையையும் கூர்ந்து ஆராயத் தொடங்குகிறார். கடைசியில், தானும் மாணவராகி நீரில் குதிக்கிறார். இந்தப் படிகளை வாசித்தபோது நான் இரண்டாவதில் நின்றுகொண்டிருந்தேன்.

நான்காவது நிலைக்கு நல்ல உதாரணம் ஆட்ரி லார்ட். கவிதைப் பட்டறை நடத்தியிருந்தாலும் இலக்கணம் கற்பித்தவரல்லர் அவர். சீக் வகுப்புக்காக இலக்கணத்தைத் தானும் சேர்ந்து கற்றார். அதுவரை தன்மேல் திணிக்கப்பட்ட தேவையற்ற கட்டாக அவருக்குத் தோன்றிய இலக்கணம், கற்பிக்கும்போது வேறாகத் தெரிந்தது. இறந்தகாலம், நிகழ்காலம் என்ற பாகுபாடு காலத்தின் குழப்பத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள உதவும் கருவி என்று உணர்ந்ததைப் பின்னர் ஏட்ரியன் ரிச்சுடனான நேர்காணலில் சொன்னார். இலக்கணம் கற்பிக்கும் கவிஞராக இந்த இடத்தில் எனக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. பெண்ணியவாதியாக இருப்பதற்கு வலிமிகும் இடங்களைக் கைவிட வேண்டியதில்லை. அவற்றைக் கருவியாகக் கொடுக்கிறோமா, கம்பாக ஓங்குகிறோமா என்பதில்தான் என் கவனம் இருக்க வேண்டும்.

*

ஆனால் யாருடைய மொழி ‘சரி’ என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. அதை வகுப்பறைக்குள் முழுதாகக் கொண்டுவந்தவர் ஜூன் ஜோர்டன். 1980களில் அவர் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது, ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ நாவலைப் பாடமாக வைத்தார். வகுப்பில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். அவர்களுக்கே அந்த நாவலின் மொழி பிடிக்கவில்லை. தங்கள் வீட்டில் பேசும் மொழியை அச்சில் பார்த்ததும் அது தவறாக, அசிங்கமாகத் தெரிந்தது. ஜோர்டன் அவர்களோடு உட்கார்ந்து அந்த மொழியின் விதிகளை ஒவ்வொன்றாகக் கண்டெடுத்து எழுதவைத்தார். வகுப்பே சேர்ந்து ஓர் இலக்கணம் எழுதியது.

அந்தப் பருவத்தில் ஒரு மாணவரின் சகோதரரைப் புரூக்ளினில் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். வகுப்பு கண்டனக் கடிதங்கள் எழுத முடிவுசெய்தது. எந்த மொழியில் எழுதுவது? பொது ஆங்கிலத்தில் எழுதினால் பத்திரிகை வெளியிடலாம். கறுப்பின ஆங்கிலத்தில் எழுதினால் வெளிவராது என்று அவர்களுக்குத் தெரியும். நீண்ட விவாதத்துக்குப் பின், இறந்தவர் பேசிய மொழியிலேயே எழுதுவது என்று முடிவெடுத்தார்கள். கடிதம் வெளிவரவில்லை. 1985இல் ஜோர்டன் எழுதிய கட்டுரையில் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது. ஓர் ஆசிரியர் இதில் தோற்றாரா வென்றாரா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. மாணவர்கள் இரண்டு மொழிகளின் விலையையும் அறிந்து தேர்ந்தெடுத்தார்கள். அந்த அறிவை அவர் கொடுத்தார்.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதை நான் முதன்முதலில் வகுப்பில் வாசித்தபோது நடந்ததும் இதுதான். “புக்குல இப்படியெல்லாம் எழுதலாமாம்மா? தப்பா இருக்கே” என்று கேட்டவள் தெற்கத்திப் பெண். அதே மொழியை வராந்தாவில் தோழியிடம் பேசுகிறவள். எழுத்துத் தமிழ் எவர் வீட்டிலும் பேசப்படுவதில்லை. ஆனால் சில வீடுகளின் பேச்சு எழுத்துக்குச் சற்று அருகில் இருப்பதாகவும் சில வீடுகளின் பேச்சு வெகு தொலைவில் இருப்பதாகவும் நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். அந்தத் தொலைவில் சாதியும் வட்டாரமும் கலந்திருக்கின்றன.

ஷானசியின்மேல் பின்னர் வந்த விமர்சனமும் இதைத் தொட்டது. ஷாங்காயில் வீட்டில் ஆங்கிலமும் பள்ளியில் சீனமுமாக வளர்ந்த மின்-ஜான் லூ என்ற அறிஞர், 1990களின் தொடக்கத்தில் ஷானசியின் நூலைக் கடுமையாக ஆராய்ந்தார். மாணவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளாமல் மொழியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஷானசி நம்பினார், ஆனால் கல்விப்புல மொழியைக் கற்பதே வீட்டோடும் ஊரோடும் ஓர் உள்மோதலை உண்டாக்குகிறது என்பது லூவின் வாதம். நியாயமான வாதம். ‘பாட்டி செங்கல் சுமந்தார்கள்’ என்று திருத்தி எழுதிய மாணவி, ‘பாட்டி கல்லு செமந்துச்சு’ என்பதில் இருந்த நெருக்கத்தை எங்கோ விட்டுவிட்டுத்தான் வருகிறாள். அதைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். எதை எப்போது மாற்ற வேண்டும் என்று முடிவெடுக்க அவளுக்கும் இடம் வேண்டும். அதே சமயம், போட்டித் தேர்வில் அவள் தாளைத் திருத்துகிறவர் லூவை வாசித்திருக்க மாட்டார் என்பதையும் நான் மறந்துவிட முடியாது.

*

இந்த வரலாற்றின் முடிவு மகிழ்ச்சியானதல்ல. 1975இல் நியூயார்க் நகர நிர்வாகம் திவாலாகும் நிலைக்கு வந்தது. செலவைக் குறைக்கச் சொன்னபோது கைவைத்த இடங்களில் பல்கலைக்கழகமும் ஒன்று. ஆசிரியர்கள் பெருமளவில் வேலை இழந்தார்கள். 1976இல், 129 ஆண்டுகளாக இல்லாத கல்விக் கட்டணம் வந்தது. கறுப்பின, பியூர்ட்டோ ரிக்கப் பிள்ளைகள் பெருமளவில் உள்ளே வந்து ஆறே ஆண்டுகள். ஷானசியின் நூல் அடுத்த ஆண்டு வெளிவந்து பாராட்டப்பட்டபோது, நூலில் சொல்லப்பட்ட திட்டம் சிதைந்துகொண்டிருந்தது. 1978இல் புற்றுநோயால் அவர் இறந்தார். 1990களின் இறுதியில், நான்காண்டுப் பட்டக் கல்லூரிகளிலிருந்து ‘ரெமிடியல்’ வகுப்புகளையே நீக்கப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது.

ரிச், லார்ட், பம்பாரா, ஜோர்டன் ஆகியோரின் பாடக்குறிப்புகளும் வகுப்புத் திட்டங்களும் நெடுங்காலம் பெட்டிகளில் கிடந்தன. அண்மை ஆண்டுகளில்தான் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் அவற்றைத் தேடியெடுத்துச் சிறுநூல்களாக்கினார்கள். கவிதை இலக்கியமாகப் பாதுகாக்கப்பட்டது. கற்பித்தல், வீட்டுவேலையைப்போல, செய்து முடித்ததும் மறைந்துபோனது.

நம்மிடமும் இப்போது கதவுகள் திறந்திருக்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. என் வகுப்பில் அந்தப் பணத்தில்தான் பேருந்துக்கும் செல்போனுக்கும் செலவு செய்கிறவர்கள் உண்டு. வீட்டில் கேட்காமல் கல்லூரிக்கு வர முடிகிறது என்கிறார்கள். நல்லது. அவர்கள் எழுதும் தாளை வாசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். அறுபது பேர் கொண்ட ஒரு வகுப்பில் ஒரு தாளுக்கு 15 நிமிடம் என்று வைத்தால், ஒரே ஒரு பயிற்சியை வாசிக்க 15 மணி நேரம் ஆகிறது. பணிச்சுமைப் பட்டியலில் அந்த 15 மணி நேரத்துக்குக் கட்டமே கிடையாது. அது இரவில், சமையல் முடிந்த பிறகு நடக்கிறது. தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர்கள் இந்தச் சுமையில் பெரும்பங்கைத் தூக்குகிறார்கள். எங்கள் ஓய்வறையில் அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம், ஒவ்வொரு மாணவியின் பிழைக்குள்ளும் இருக்கும் நியாயத்தைத் தேடு என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாணவிகளின் எழுத்தை வளர்ப்பது பற்றிப் பேசும் கருத்தரங்குகள் இந்த 15 மணி நேரத்திலிருந்து தொடங்கினால் நன்றாக இருக்கும்.

என்னால் முடிந்த சிறு மாற்றங்களைச் செய்திருக்கிறேன். முதல் வாசிப்பில் கையில் பேனா வைத்துக்கொள்வதில்லை. இரண்டாம் வாசிப்பில் ஒரு தாளுக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் பென்சிலால் குறிக்கிறேன். அது ஏன் அவளுக்குச் சரியாகத் தோன்றியது என்று கேட்கிறேன். முதலில் விழிப்பார்கள், பிறகு சொல்வார்கள். பெரும்பாலும் நல்ல காரணமாக இருக்கும். பிறகு அதே கட்டுரையை மறுபடி எழுதச் சொல்கிறேன், மதிப்பெண் இரண்டாம் வரைவுக்குத்தான். எல்லாப் பயிற்சிகளுக்கும் இதைச் செய்ய முடிவதில்லை. பருவத்துக்கு இரண்டு முடிகிறது. அந்த இரண்டில் கைடைப் பார்த்து எழுதுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

பழைய தாளைப் போன வாரம் மறுபடி எடுத்து வாசித்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில், கல் அறுக்கும் வீட்டின் கூலிக் கணக்கு வருகிறது. ஆயிரம் கல்லுக்கு எம்புட்டு என்று பாட்டி பேத்தியிடம் கேட்பார், பேத்தி கணக்குப் போட்டுச் சொல்வாள், அதை வைத்துக்கொண்டு பாட்டி மேஸ்திரியிடம் போய்ச் சண்டை போடுவார், ‘நான் படிச்சதுக்கு அதான் மொத சம்பளம்’ என்று எழுதியிருக்கிறாள். அந்த வரியில் மூன்று வட்டம் போட்டிருக்கிறேன்.